அலுவலகத் தொலைபேசி இணைப்பகத்தில் அமைவுகளின் காப்புநகலும் மீட்டெடுப்பும்

அலுவலகத் தொலைபேசி இணைப்பகம் பழுதுற்றால் புதிய கருவியை வாங்கிவிடலாம். அதில் பதிந்திருந்த உள்ளிணைப்பு எண்களையும் அழைப்பு வழிகளையும் வாங்க இயலாது. அந்தியூர் போன்ற ஊர்களில், பழுதுநீக்குநர் ஈரோட்டிலிருந்து வர நேர்ந்தால், அவர் கையில் கொடுக்கக் காப்புநகல் ஒன்று வேண்டும்.

1999-இல் மார்க் ஸ்பென்சர் உருவாக்கிய ஆஸ்டெரிஸ்க் என்னும் திறமூல மென்பொருளில் அமைவுகள் பொதுவாக உரைக்கோப்புகளாகவும், குரலஞ்சல் பதிவுகள் வேறோர் அடைவிலும் சேமிக்கப்படுகின்றன. எனவே அமைவுக்கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் குரலஞ்சல் விடுபடும். நகலை அதே கருவியில் வைத்தால், வட்டு சிதையும்போது மூலமும் நகலும் ஒருங்கே அழியும்.

மீட்டெடுக்கும்போது மென்பொருள் பதிப்பு ஒத்திருத்தல் நன்று. பின்னர் உள்வரும் அழைப்பு, வெளிச்செல்லும் அழைப்பு, குரலஞ்சல் மூன்றையும் சோதித்தல் வேண்டும். ஒருமுறையேனும் மீட்டெடுத்துப் பார்க்கப்படாத நகலைக் காப்பாகக் கொள்ள இயலாது.