கருவியும் மூச்சு விடுகிறது

எரிவாயுக் கசிவைக் கண்டறியும் கையடக்கக் கருவிகள் பலவற்றில் ஒரு சிறு பம்பு உண்டு. அது காற்றை உறிஞ்சி உணரிக்கு அனுப்புகிறது. நிமிடத்திற்கு எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதே பாய்வு வீதம்.

பாய்வு குறைந்தால் என்ன ஆகும்? 4 மி.மீ. உள்விட்டமும் 10 மீட்டர் நீளமும் உள்ள குழாய் ஏறக்குறைய 126 மி.லி. கொள்ளும். நிமிடத்திற்கு 500 மி.லி. உறிஞ்சினால் முனையிலுள்ள வாயு உணரியை அடைய 15 விநாடி ஆகும், 250 மி.லி. என்றால் 30 விநாடி. அதற்குள் முனையை நகர்த்தினால் கசிவின் இடமே மாறித் தோன்றும்.

அப்படியானால் பாய்வை விருப்பம்போல் கூட்டலாமா? கூடாது. நிமிடத்திற்கு 1 மி.லி. கசியும் வாயு முழுவதும் 500 மி.லி. பாய்வில் கலந்தால், பத்து லட்சத்தில் 2000 பங்கு, 1000 மி.லி. பாய்வில் 1000 பங்குதான். கசிவு அதேதான், மோரில் நீர் கூடினால் உப்புக் குறைவதுபோல் எண் மட்டும் பாதியாகிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வீட்டாருக்கு இதை நான் இப்படித்தான் சொல்வேன்: கருவி பூஜ்யம் காட்டினால் உடனே நம்பாதீர்கள். குழாய் முனையை விரலால் அடைத்துப் பாருங்கள். பாய்வுத் தடை எச்சரிக்கை உள்ள கருவி ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் அந்தப் பூஜ்யத்தை நம்பி யாரும் குழிக்குள் இறங்கலாகாது.