போவிஸ் கோட்டையும் அதன் பூந்தோட்டமும்

பழைய கோட்டை மனைகளைக் காணச் செல்வோர் இருவகைப்படுவர். ஒரு சாரார் அவற்றின் உயரத்தையும் ஒப்பனையையும் கண்டு வியந்து திரும்புவர். மற்றொரு சாரார், ‘இதனை எழுப்பியவர் யார்? பேணுதற்குரிய பொருள் எங்கிருந்து வந்தது? உழைத்த கைகள் யாருடையவை?’ என்று வினவிக்கொண்டே காண்பர். கற்பிக்கும் தொழிலை மேற்கொண்ட நாம் இரண்டாம் சாராராக இருத்தல் வேண்டும். அங்ஙனம் காணத்தக்க இடங்களுள் ஒன்று, வேல்ஸ் நாட்டில் வெல்ஷ்பூல் நகரை அடுத்துள்ள போவிஸ் கோட்டை. பிரித்தானியாவுக்குச் செல்லும் தமிழர் லண்டனோடு நின்றுவிடாது இதனையும் காண வேண்டும். அதற்குரிய காரணம் பின்னே விளங்கும்.

கோட்டை மனையான வரலாறு

13ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் சிற்றரசர் குலத்தார் ஒரு பாறை முகட்டின்மேல் இக்கோட்டையை எழுப்பினர். செந்நிறக் கல்லால் ஆனமையின் அந்நாட்டு மொழியில் இதற்குச் ‘செங்கோட்டை’ என்றே ஒரு பெயர் உண்டு. 1587இல் சர் எட்வர்ட் ஹெர்பர்ட் என்பார் இதனை விலைக்கு வாங்கினார். அவர் காலத்தில் நீண்ட கூடம் ஒன்று அமைந்தது. காவலுக்கென எழுந்த அரண் வாழ்வதற்குரிய மாளிகையாயிற்று. வேல்ஸ் நாட்டுக் கோட்டைகள் பல இன்று இடிந்த சுவர்களாய் நிற்க, இதுவோ மக்கள் வாழும் மனையாகவே தொடர்ந்தது.

உள்ளே காண வேண்டியவற்றுள் அரச படுக்கையறை ஒன்று. கட்டிலுக்கும் அறையின் மற்றப் பகுதிக்கும் இடையே சிறு தூண்களாலான தடுப்பு நிற்கிறது. தடுப்புக்கு அப்பால் செல்லத்தக்கவர் யார், இப்பால் நிற்கவேண்டியவர் யார் என்னும் பாகுபாட்டை அக்காலத்தார் மரத்திலேயே செதுக்கி வைத்தனர்.

அடுக்குத் தோட்டம்

கோட்டையின் கீழே, பாறைச் சரிவைப் படிகளைப்போல் வெட்டி அமைத்த அடுக்குத் தோட்டம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய, பிரெஞ்சு முறைகளைத் தழுவி இது அமைக்கப்பட்டது. அடுத்த நூற்றாண்டில், தோட்டம் இயற்கைக் காடுபோல் தோன்றவேண்டும் என்னும் புதுப்பாங்கு பரவியபோது, இத்தகைய பழந்தோட்டங்கள் பல அழிக்கப்பட்டன. போவிஸின் அடுக்குகள் தப்பின.

இவ்வமைப்பில் அழகோடு அறிவும் உண்டு. தென்கிழக்கு நோக்கிய சரிவு வெயிலை நன்கு பெறும். அடுக்குகளைத் தாங்கும் சுவர்கள் பகலில் அவ்வெப்பத்தை ஏற்றுப் பின்னர் மெல்ல வெளிவிடும். குளிர்ந்த காற்றோ சரிவில் கீழ்நோக்கி இறங்கிவிடும். ஆகவே, குளிருக்கு அஞ்சும் செடிகளும் அங்கே தழைக்கின்றன. மேலடுக்கில் நிற்கும் யூ மரங்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. சிறு கூம்புகளாக நட்டவை இன்று மேகத்திரள்போல் பருத்துச் சுவர்மேல் கவிந்துள்ளன. ஆண்டுதோறும் அவற்றைக் கத்தரித்து வடிவு கெடாமல் காத்த தோட்டக்காரர்கள் எத்தனை தலைமுறையினரோ! அவர்தம் பெயரைக் கல்லில் பொறிப்பார் எவருமிலர்.

சென்னையிலிருந்து சென்ற செல்வம்

இனி நமக்குரிய செய்திக்கு வருவோம். 1784இல் அக்குடும்பத்துச் செல்வி ஹென்றியெட்டா ஹெர்பர்ட், எட்வர்ட் கிளைவை மணந்தார். எட்வர்ட் யார்? ஆற்காட்டிலும் பிளாசியிலும் போரிட்டுப் பெரும்பொருள் ஈட்டிய ராபர்ட் கிளைவின் மைந்தர். ஹெர்பர்ட் குடும்பமோ கடனில் ஆழ்ந்திருந்தது. இந்தியாவில் ஈட்டிய பொருளே கோட்டையைத் தாங்க வந்தது.

எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநராக இருந்தார். அவ்வைந்தாண்டுகள் தமிழர் நெஞ்சை விட்டு நீங்காதவை. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் கருநாடகத்தின் ஆட்சி நவாபின் கையைவிட்டுக் கும்பெனியிடம் சென்றது. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது உடன்பிறந்தார் திருப்பத்தூரில் உயிர் துறந்தனர். இவை அனைத்தும் எட்வர்ட் ஒருவரின் செயல் எனல் பொருந்தாது. மைசூர்ப் போரைத் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லியே நேரில் சென்னைக்கு வந்து மேற்பார்த்தார். எனினும், சென்னை ஆளுநரின் இருக்கையில் இருந்தவர் எட்வர்டே.

1987இல் கோட்டையுள் கிளைவ் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. திப்புவின் அரியணையை அணிசெய்த பொற்புலித் தலைகளுள் ஒன்று அங்குள்ளது. பூவேலைப்பாடு அமைந்த அவருடைய துணிக்கூடாரமும் அங்கேதான். அக்கூடாரத்தை அக்குடும்பத்தார் தோட்ட விருந்துகளில் விரித்துப் பயன்படுத்தினர் என்பர். ஆயுதங்கள், தந்த வேலைப்பாடுகள், தெய்வ உருவங்கள் எனப் பிறவும் உள்ளன. போர்க் கொள்ளையாக வந்தவை, விலைக்கு வாங்கியவை, பரிசாகப் பெற்றவை என இவை பலதிறத்தன. ஒவ்வொன்றும் வந்த வழியைத் தனித்தனியே ஆராய்தலே நேர்மை. கோட்டையை 1952 முதல் பேணிவரும் நேஷனல் டிரஸ்ட் நிறுவனம், தன் மனைகளுக்கும் குடியேற்ற ஆட்சிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. போவிஸும் அதில் இடம்பெற்றது.

சிறுமி ஒருத்தியின் குறிப்பேடு

1800ஆம் ஆண்டில் ஹென்றியெட்டா தம் இரு பெண்மக்களுடன் வேலூர், பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் வழியாக நெடும்பயணம் செய்தார். மகள் சார்லட்டுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கண்டவற்றை அவள் எழுதிய குறிப்பேடு இன்றும் உண்டு. பிற்காலத்தில் அவர் நார்தம்பர்லாந்துக் கோமகளாகி, இளவரசி விக்டோரியாவின் கல்விக்குப் பொறுப்பேற்றார். 1828இல் தென்னாப்பிரிக்கச் செடி ஒன்றுக்கு ‘கிளைவியா’ என்று பெயரிட்டனர். அது இவர் பிறந்த குடியின் நினைவாக வைத்த பெயர். பூச்சட்டியிலும் வரலாறு ஒளிந்திருக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆசிரியர்க்கு ஒரு சொல்

மலையகத் தமிழர் ‘தோட்டம்’ என்ற மாத்திரத்தில் பூவை நினையார், பால்மரத்தையே நினைப்பர். ஒருவர் பொழுதுபோக்கும் தோட்டத்தின் பின்னே மற்றொருவர் உழைக்கும் தோட்டம் இருக்கக்கூடும் என்பது நம் மாணவர்க்கு எளிதில் விளங்கும். போவிஸ் தொலைவில் உள்ளது. பத்து காஜாவை அடுத்த கெல்லி மாளிகையோ அண்மையில் உள்ளது. தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் இறந்தமையால் முற்றுப்பெறாது நின்ற அம்மாளிகையின் கட்டுமானத்திலும், அருகே எழுந்த மாரியம்மன் கோயிலிலும் தமிழர் கைவண்ணம் உண்டு. மாணவரை அங்கு அழைத்துச் செல்லுமுன், தொடக்கத்தில் கூறிய மூன்று வினாக்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். விடைகளை நாம் சொல்ல வேண்டா. அவர்களே தேடிக் காணட்டும். அழகை வெறுக்கக் கற்பிப்பது நம் நோக்கமன்று. அவ்வழகுக்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்கக் கற்பிப்பதே நம் கடமை.