வியர்வையில் கரையாத கொழுப்பு

உடலில் கொழுப்பு தங்குவது டிரைகிளிசரைடு என்ற வடிவில். ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் பிணைந்த மூலக்கூறு அது. ஒரு கிராம் எரிந்தால் 9 கிலோகலோரி கிடைக்கும், மாவுச்சத்தில் 4தான். மாவுச்சத்தைக் கிளைகோஜனாகக் கல்லீரலும் தசையும் சேமிக்கின்றன. ஆனால் அது தன் எடையைப்போல் மூன்று மடங்கு தண்ணீரையும் பிடித்துவைப்பதால் அரைக் கிலோ அளவுக்கு மேல் தேறாது. கொழுப்புக்கு அந்தச் சுமை இல்லை. ஒல்லியான ஆளிடமும் பல கிலோ இருக்கும்.

மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப் முதலான கோலார் தங்கவயல் சுரங்கங்களில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்களுக்கு ராகிக் களி பழகிய உணவு. களி கொழுப்பாக மாறிவிடும் என்பது பாதிதான் சரி. மனித உடலில் அந்த நேரடி மாற்றம் சொற்பம். சாப்பிட்டதும் இன்சுலின் ஏறுகிறது, உடல் மாவுச்சத்தை முதலில் எரிக்கிறது, குழம்பிலிருந்த எண்ணெய் செலவாகாமல் கொழுப்புச் செல்லுக்குள் போய்விடுகிறது.

சில மணி நேரத்தில் இன்சுலின் இறங்கும். வேலை தொடங்கினால் அட்ரினலினும் சேரும். அப்போது நொதிகள் டிரைகிளிசரைடை உடைக்க, வெளிவரும் அமிலங்களை ரத்தத்தில் அல்புமின் புரதம் சுமந்து செல்கிறது. தசைச் செல்லின் மைட்டோகாண்டிரியாவுக்குள் நுழையக் கார்னிட்டின் வேண்டும். உள்ளே இரண்டிரண்டு கார்பனாக நறுக்கல் நடக்கிறது: 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம் 8 துண்டாகிறது. ஒவ்வொரு துண்டும் ஆக்சிஜனோடு எரிந்து ஆற்றலைத் தருகிறது.

இது நிதானமான எரிப்பு. பாறையைத் துளைப்பது போன்ற கடும் வேலைக்குத் தசை கிளைகோஜனையே அதிகம் நாடும். வெப்பத்தில் இன்னும் கூடுதலாக. சாம்பியன் ரீஃப் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸுக்கும் மேல். தசை செலவழிக்கும் ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகிறது; சுற்றுப்புறம் உடலைவிடச் சூடாக இருந்தால் அதை வெளியேற்ற வியர்வை ஆவியாவது ஒன்றே வழி.

ஷிப்டு முடிவில் குறைந்திருக்கும் எடை பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான், குடித்தால் திரும்பிவிடும். எரிந்த கொழுப்பு போகும் பாதை வேறு. 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் போட்ட கணக்குப்படி, 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறுகிறது, மிச்சம் 1.6 கிலோ தண்ணீராகிறது. ஒரு ஷிப்டில் 2,000 கிலோகலோரி செலவாகி, அதில் பாதியைக் கொழுப்பே தந்ததாக வைத்துக்கொண்டாலும், கரைந்தது சுமார் 110 கிராம்.