20 கிலோ எல்லாத் திடலிலும் 20 கிலோதானா?

இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, பின்னால் ஓர் இரும்புச் சட்டத்தை இழுத்தபடி ஓட்ட வீரர்கள் பயிற்சி செய்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தச் சட்டத்துக்கு ஸ்லெட் என்று பெயர். அதன்மேல் எடைத்தட்டுகளை அடுக்கி, 20 அல்லது 30 மீட்டர் தூரத்தை முழு வேகத்தில் ஓடுவார்கள். தொடக்கத்தில் தரையைப் பின்னோக்கித் தள்ளும் பலத்தை வளர்க்கும் பயிற்சி இது. ஸ்லெட் வாங்க வசதி இல்லாத பள்ளிகளில் பழைய கார் டயரே போதும்.

இந்தப் பயிற்சி என்றதும் எல்லாரும் கேட்பது, “எத்தனை கிலோ வைக்கலாம்?” என்பதுதான். காணொளியில் வரும் வீரர் 20 கிலோ இழுத்தால் நாமும் 20 கிலோ வைத்துவிடுகிறோம். மாணவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஸ்லெட்டை நாம் தூக்குவதில்லை, இழுக்கிறோம். தூக்கினால்தான் அதன் எடை முழுவதும் நம்மேல் விழும். இழுக்கும்போது நம்மைத் தடுப்பது ஸ்லெட்டின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு.

சமதரையில் உராய்வு விசையைக் காண, பொருளின் எடையை உராய்வுக் குணகத்தால் பெருக்க வேண்டும். இந்தக் குணகம் தட்டில் எழுதியிருக்காது. அது தரையையும் ஸ்லெட்டின் அடிப்பகுதியையும் பொறுத்தது. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், செயற்கை ஓடுதளம், இயற்கைப் புல்திடல் உட்பட நான்கு வகைத் தளங்களில் ஸ்லெட்டை இழுத்து அளந்தார்கள். குணகம் 0.21 முதல் 0.58 வரை வேறுபட்டது.

இதைக் கணக்காக்கிப் பார்ப்போம். ஸ்லெட் 5 கிலோ, தட்டுகள் 20 கிலோ, மொத்தம் 25 கிலோ. இதன் எடை 25 × 9.8 = 245 நியூட்டன். குணகம் 0.21 உள்ள தளத்தில் உராய்வு ஏறக்குறைய 51 நியூட்டன். 0.58 உள்ள தளத்தில் 142 நியூட்டன். தட்டுகள் அதே தட்டுகள்தாம். ஆனால் ஒரு திடலில் ஓடுபவர் மற்றவரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு எதிர்ப்பை இழுக்கிறார்.

அப்படியானால் வழுக்கும் தளத்தில் தட்டுகளைக் கூட்டிச் சரிசெய்துவிடலாமே என்று கேட்பீர்கள். 142 நியூட்டன் உராய்வைப் பெற அங்கே மொத்தம் 69 கிலோ தேவை. உராய்வு சமமாகிவிடும், ஆனால் பயிற்சி சமமாகாது. ஓட்டத்தின் தொடக்கத்தில் ஸ்லெட்டும் உங்களோடு சேர்ந்து முடுக வேண்டும் அல்லவா? நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, முடுக்கம் 3 மீ/வி² என்றால் 25 கிலோவை முடுக்க 75 நியூட்டன் கூடுதலாகத் தேவை. 69 கிலோவுக்கோ 207 நியூட்டன்! எனவே முதல் சில அடிகளில் கனமான ஸ்லெட் மிகவும் படுத்தும். வேகம் நிலையான பிறகுதான் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். உராய்வைப் பற்றி மட்டும் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கயிற்றின் நீளமும் சும்மா இல்லை. கயிறு சாய்ந்து மேல்நோக்கி இழுப்பதால் ஸ்லெட் தரையை அழுத்துவது குறைகிறது, உராய்வும் குறைகிறது. குணகம் 0.5, மொத்தம் 25 கிலோ, இடுப்பு உயரம் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கயிறு 5 மீட்டர் என்றால் பின்னோக்கி இழுக்கும் விசை 111 நியூட்டன், 3 மீட்டர் என்றால் 104. பெரிய வேறுபாடு இல்லைதான். ஆனாலும் வாரத்துக்கு வாரம் கயிற்றை மாற்றாமல் இருப்பது நல்லது.

அடுத்து, எவ்வளவு சுமை வைப்பது? ஓடும் பாணி கெடாமல் இருக்க, வேகம் 10 விழுக்காட்டுக்கு மேல் குறையக்கூடாது என்பது பயிற்றுநர்களின் பழைய வழக்கம். பிறகு கனமான சுமையைப் பரிந்துரைப்பவர்களும் வந்தார்கள். அவர்களது வாதம் திறனைப் பற்றியது. திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கக் கிடைப்பது. வேகம் கூடக்கூட நம் கால்கள் முன்னோக்கித் தரக்கூடிய விசை சீராகக் குறைகிறது. ஒருவர் தொடக்கத்தில் 480 நியூட்டன் தருகிறார், உச்ச வேகமான 8 மீ/வி-இல் அது சுழியமாகிறது என்று கொள்வோம். 2 மீ/வி வேகத்தில் 360 நியூட்டன், திறன் 720 வாட். 4 மீ/வி-இல் 240 நியூட்டன், 960 வாட். 6 மீ/வி-இல் 120 நியூட்டன், மறுபடியும் 720 வாட். உச்சம் சரிபாதி வேகத்தில் இருக்கிறது! ஸ்லெட் இழுக்கும் வீரர்களை ஆய்வாளர்கள் அளந்தபோதும் ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் திறன் உச்சத்தைத் தொட்டது.

இந்த வீரரைப் பாதி வேகத்தில் நிறுத்த 240 நியூட்டன் உராய்வு வேண்டும். 0.58 குணகமுள்ள தளத்தில் அதற்கு மொத்தம் 42 கிலோ போதும். 0.21 உள்ள தளத்தில் 117 கிலோ வேண்டும்! “உடல் எடையில் இத்தனை விழுக்காடு வையுங்கள்” என்று இணையத்தில் வரும் எண்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். அந்த எண் எந்தத் தரையில் கிடைத்தது என்று சொல்லாவிட்டால் அது அரைகுறைத் தகவல். உங்கள் வயதில் பாதி வேகச் சுமையைப் பயிற்றுநர் துணையில்லாமல் தொடவும் வேண்டாம்.

உங்கள் திடலின் குணகத்தை நீங்களே அளக்கலாம். விமானப் பயணப் பெட்டியை எடைபார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். அதை ஸ்லெட்டில் மாட்டி, தரைக்கு இணையாகப் பிடித்து, சீரான நடைவேகத்தில் இழுங்கள். அசையத் தொடங்கும் கணத்தில் எண் எகிறும், அது நிலை உராய்வு, அதை விட்டுவிடுங்கள். நகரும்போது காட்டும் எண்ணை எடுத்துக்கொண்டு, ஸ்லெட்டின் மொத்த நிறையால் வகுங்கள். 25 கிலோ ஸ்லெட்டுக்குத் தராசு 8 கிலோ காட்டினால் குணகம் 0.32. மழை பெய்த மறுநாளும் அளந்து பாருங்கள். ஈரப்புல் வழுக்கி எண் குறையலாம், மண் இளகி ஸ்லெட் புதைந்தால் கூடவும் செய்யலாம்.

தராசு கிடைக்காவிட்டால் நிறுத்துக் கடிகாரம் இருக்கிறது. உண்மையில் எனக்குப் பிடித்த வழி இதுதான், ஏனென்றால் தரை, கயிறு, டயர் எல்லாவற்றின் விளைவும் நேரத்தில் சேர்ந்தே வந்துவிடுகிறது. 30 மீட்டர் ஓட்டத்தின் கடைசி 10 மீட்டரை மட்டும் அளவிடுங்கள். சுமையில்லாமல் 1.25 விநாடி என்றால் வேகம் 8 மீ/வி. ஸ்லெட்டோடு 1.39 விநாடி என்றால் 7.2 மீ/வி, அதாவது சரியாக 10 விழுக்காடு குறைவு. பயிற்சிக் குறிப்பேட்டில் கிலோவுக்குப் பக்கத்தில் இந்த விழுக்காட்டையும், அன்றைய தரை ஈரமா உலர்ந்ததா என்பதையும் எழுதி வையுங்கள்.