பத்து மீட்டர் வரைதான் ஜிபிஎஸ்

அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு அனுப்பிவந்த சமிக்ஞையில் ஒரு காலத்தில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. கருவி காட்டும் இடம் 100 மீட்டர்வரை தள்ளிப்போகும். அதிபர் பில் கிளிண்டனின் உத்தரவுப்படி 2000ஆம் ஆண்டு மே 1 நள்ளிரவில் அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. மே 3 அன்றே ஒரிகான் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகருக்கு வெளியே உள்ள பீவர்க்ரீக் பகுதிக் காட்டில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைப் பாதி மண்ணில் புதைத்துவைத்தார். வாளிக்குள் புத்தகங்கள், வீடியோக்கள், ஒரு உண்டிவில், பீன்ஸ் அடைத்த தகர டப்பா. இருக்கும் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையாக இணையத்தில் அறிவித்தார். சில நாட்களிலேயே ஆட்கள் அதைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு இப்படித்தான் பிறந்தது. இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் ஒளித்துவைக்கப்பட்டுள்ளன.

ஆட்டம் எளிது. ஆட்டத்துக்கான கைபேசிச் செயலியில் ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்து, அது காட்டும் இடத்துக்குப் போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளிருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். உள்ளே சிறு பொருட்கள் இருந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதே மதிப்புள்ள இன்னொன்றை வைக்கலாம்.

புதியவர்கள் திணறுவது கடைசிப் பத்து மீட்டரில். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞையைக் கொண்டே கைபேசி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. திறந்தவெளியில் பிழை ஐந்து மீட்டர் அளவில் இருக்கும். அடர்ந்த மரங்களும் உயர்ந்த கட்டடங்களும் சமிக்ஞையை மறைத்தும் எதிரொளித்தும் பிழையைக் கூட்டிவிடும். ஒளித்தவரின் கருவியும் இப்படிப் பிழை செய்திருக்கலாம் அல்லவா? ஆகவே திரையில் தெரியும் புள்ளியைத் தேட வேண்டிய வட்டத்தின் நடுவாக மட்டும் கொள்ள வேண்டும்.

அனுபவசாலிகளின் துணை இங்கேதான் தேவைப்படுகிறது. அந்த வட்டத்துக்குள் நுழைந்ததும் அவர்கள் கைபேசியைப் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். ‘நானாக இருந்தால் எங்கே ஒளிப்பேன்?’ என்று யோசிக்கிறார்கள். மரத்தடியில் வரிசையாக அடுக்கிய சுள்ளி, வேலியில் தேவையில்லாத ஒரு போல்ட், பூங்கா இருக்கையின் அடியில் ஒட்டியிருக்கும் காந்தப் பெட்டி என்று இயல்புக்கு மாறானவை அவர்கள் கண்ணில் முதலில் படும். விரல் நுனியளவுப் பெட்டிகளும் உண்டு என்பதால், முதலில் செயலியில் பெட்டியின் அளவைப் படித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

இன்னும் சில பழக்கங்களை அவர்களிடம் கற்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் தேடும் சிரமம், போகும் பாதையின் கடினம் இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. இரண்டும் ஒன்றரையைத் தாண்டாத பெட்டியே தொடக்கத்துக்கு ஏற்றது. முன்பு வந்தவர்கள் செயலியில் எழுதிய குறிப்புகளைப் படியுங்கள். கடைசி நான்கைந்து பேரும் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் பெட்டியே தொலைந்திருக்கலாம். உங்களுக்குக் கிடைக்காதபோதும் அதைத் தயங்காமல் பதியுங்கள். பெட்டிக்காரர் வந்து சரிபார்க்க அதுதான் தகவல். பேனா மறக்காதீர்கள், பல பெட்டிகளில் தாள் மட்டுமே இருக்கும். ஆட்டம் தெரியாத வழிப்போக்கர்களை ‘மகிள்’ என்பார்கள். அவர்கள் கடந்துபோகும்வரை பெட்டியைத் தொடக் கூடாது. இடம் தெரிந்துவிட்டால் அது காணாமல்போகலாம்.

பெட்டி வைப்பதற்குக் கட்டுப்பாடுகள் அதிகம். இன்றைய விதிப்படி உல்மரின் வாளிக்கே அனுமதி கிடைக்காது. வைப்பதற்குப் பொதுவாக மண்ணைத் தோண்டக் கூடாது. வாசனைக்கு விலங்குகள் வந்து பெட்டியை உடைக்கும் என்பதால் உணவும் கூடாது. நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். இரு பெட்டிகளுக்கிடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளியும் வேண்டும்.

விளையாடுபவர்கள் அவ்வப்போது ஓரிடத்தில் கூடுவார்கள். சில கூட்டங்களில் சேர்ந்து குப்பையும் பொறுக்குவார்கள். முதல் பெட்டியைத் தேடும்முன் அத்தகைய கூட்டமொன்றுக்குப் போய், பழகிய ஒருவருடன் கிளம்புங்கள். இருபது பெட்டிகளையாவது தேடிக் கண்ட பிறகு உங்களுடையதை ஒளித்துவையுங்கள்.