சோலைக்குள் ஒரு பாட்டுக்காரன்

கொடைக்கானல் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "விடிகாலையில் சோலை ஓரம் கருநீலக் குருவி ஒன்று பாதையைத் தத்திக் கடக்கிறது. வயிறு வெள்ளை. புதருக்குள் போனதும் விசில் குரலில் விடாமல் பாடுகிறது. என்ன பறவை?"

வெள்ளைவயிற்று ஷோலாகிளிதான். கிளி இனமல்ல, ஈப்பிடிப்பான் குடும்பம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பது நீலகிரி ஷோலாகிளி. அதற்கு வயிற்றோரம் செங்காவி நிறம். இயற்கையியலாளர் ஜெர்டான் அதை 1844-இலேயே விவரித்துவிட்டார். ஆனால் இவற்றுக்கென்று ஷோலிகோலா என்ற தனிப் பேரினம் கிடைத்தது 2017-இல்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிச் சோலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இவை இல்லை. நிழலில் சருகுகளுக்கிடையே பூச்சி தேடும். மரப்பொந்திலோ மண்மேட்டுக் குழியிலோ பாசி வைத்துக் கூடு கட்டும்.

என்னை மயக்குவது இவற்றின் பாட்டு. பாடும் பறவைகள் பாட்டைக் கேட்டுக் கேட்டே கற்கின்றன. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆறு இடங்களில் 38 ஷோலாகிளிகளின் 835 பாடல்களைப் பதிந்து அலசினார்கள். பாடல்கள் மூன்று பெரும் வகையாகப் பிரிந்தன. பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் பறவைகளை நெடுங்காலமாகப் பிரித்து வைத்திருப்பதன் விளைவு அது. என் அம்மா நெல்லை, அப்பா கோவை. ஒரே தமிழ் எங்கள் வீட்டில் இரண்டு ராகத்தில் ஒலிக்கும். அப்படித்தான் இதுவும்.

இந்தப் பறவை பிற பறவைகளின் குரலையும் தன் பாட்டில் கோத்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் கணவாய்கள் பிரித்த இடங்களில் மட்டுமல்ல, அண்மைக் காலத்தில் காடழிந்து துண்டுபட்ட இடங்களிலும் வேறுபட்டிருந்தது. கணவாய்க்குப் பல லட்சம் ஆண்டுகள் தேவைப்பட்ட வேலையில் ஒரு பங்கைக் கோடரி சில தலைமுறைகளில் செய்துவிட்டது.

சோலையை வெட்டித் தேயிலை வைத்தோம். சோலைகளுக்கு இடைப்பட்ட புல்வெளியில் யூக்கலிப்டஸும் வாட்டிலும் பைனும் நட்டோம். தூரத்திலிருந்து பார்த்தால் மலை பச்சையாகத்தான் தெரிகிறது. மரம் நட்டால் காடாகிவிடும் என்ற நம்பிக்கையை நாம் கைவிட வேண்டும்.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். படமெடுப்பதற்காகச் செல்போனில் இதன் பாட்டை ஒலிக்கவிட்டு வெளியே இழுக்கிறார்கள். போட்டிப் பறவை வந்துவிட்டதென்று எண்ணி, இரை தேடுவதையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டு அது ஓடிவரும். ஏப்ரல் முதல் ஜூன் வரை கூடு கட்டும் காலம். அப்போதாவது போனைப் பைக்குள் வைத்துவிட்டு, அது பாடுவதை மட்டும் கேளுங்கள்.