பனிக்காலத்தில் மாடு பழகுதல்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையிலுள்ள காட்டூர் இன்று நகரோடு கலந்துவிட்டது. எனினும் ஓரிரு கறவைகளைக் கொண்டு பிழைக்கும் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் இன்றும் உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைகள் மாட்டோடு பழக அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் ஏற்ற காலம்.

மாட்டின் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை. ஆதலின் சுற்றிலும் உள்ளவை அதற்குத் தெரியும். நேர் பின்புறம் மட்டும் தெரியாது. குரல் கொடுத்துத் தோள்பக்கமாகச் சென்று, முதுகில் கைவைத்த பின்னரே மற்ற வேலை. இதனை அறியாது உதை வாங்கியவர்களுள் நாமும் ஒருவரே.

கறவைதான் உண்மையான சோதனை. மார்கழி விடியலில் விறைத்த கை மடியில் பட்டால் பசு துள்ளும். வெதுவெதுப்பான நீரில் கையையும் மடியையும் கழுவித் துடைத்தல் வேண்டும். அமைதியான பசுவுக்கு ஆக்சிடோசின் சுரந்து பால் இறங்கும். அந்நிலை சில நிமிடங்களே நிற்கும். அதட்டினாலோ அடித்தாலோ அட்ரினலின் அதனைத் தடுத்துவிடும். பசு பாலை அடக்கிக்கொண்டது என்று அதன்மீது பழி சுமத்துகிறோம். குறை நம் கையில்தான் உள்ளது.

இரவில் கன்றுக்கு உலர்ந்த வைக்கோல் பரப்பிப் பனி படாமல் கட்டுக.

2019ஆம் ஆண்டு தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி, கோமாரித் தடுப்பூசி ஆறு திங்களுக்கு ஒருமுறை போடப்படுகிறது. அன்று, தொட்டுப் பழக்கிய கிடாரி ஒரு பிள்ளை கயிற்றைப் பிடித்தாலே நிற்கும்; பழக்காததைப் பிடிக்க நால்வர் வேண்டும்.